கட்டாரிலிருந்து வந்த அண்ணன்

"படிப்பு இருக்கு, பிள்ளை. அது மட்டும் காணுமோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்."

அண்ணனைப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து கூட்டிவரப் போன காலையில், அங்கே உளவளத்துணையாளராக வேலை செய்த பெண் என்னிடம் இப்படிச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய மேசையில் நான் விரித்து வைத்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பாடசாலைக் கணினியில் நானே செய்த அட்டவணை அது. காலை ஆறரைக்குக் குளிசை, ஏழுக்குச் சாப்பாடு, பத்து மணி வரை வீட்டு வேலை, சனிக்கிழமை தோறும் கிளினிக். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போட ஒரு சிறிய கட்டம். ஆறு மாதத்துக்கு அச்சடித்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்தவர்கள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். அம்மா கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். அப்பா இறந்த வருடம் அண்ணன் எட்டாம் ஆண்டில் இருந்தான். அவன் படிப்பை விட்டு லொறியில் ஏறினான், நான் படித்தேன். சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம், பிறகு வெள்ளவத்தையில் ஒரு தனியார் பாடசாலையில் ஆசிரியை வேலை. இதில் எதுவும் எனக்குத் தானாகக் கிடைக்கவில்லை. எல்லாம் நேரசூசி போட்டு, சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போய் எடுத்தவை. அண்ணனின் சுகத்தையும் அப்படி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாரோ ஒருவர் வந்து காணுமோ, படிப்பு மட்டும் போதுமோ என்று கேட்டது பிடிக்கவில்லை. தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்று அவரிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை அண்ணன் அந்த எட்டு மாதமும் கட்டாரில் இருந்தான்.

தோட்டம் என்றால் மரம் செடி எதுவும் இல்லை. கொட்டாஞ்சேனையில் வரிசை வீடுகளும் பொதுக் குழாய்களும் உள்ள இடத்துக்கு அதுதான் பெயர். எங்கள் வரிசையில் இருபது வீடுகளுக்கு மேல். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் அடுத்த மூன்று வீட்டுக்கும் தெரியும். அண்ணன் ஹெரோயின் தூள் அடிப்பதும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதிகம் தெமட்டகொடைப் பக்கமே சுற்றினான், வீட்டுக்கு வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வந்து படுத்துவிடுவான். அதனால் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் அவனே அம்மாவிடம், "என்னை எங்கயாவது கொண்டுபோய் விடுங்க" என்று அழுதான். அதற்கடுத்த கிழமை நிலையத்தில் சேர்த்தோம்.

சேர்த்த மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"எங்க டீச்சர், அண்ணனைக் காணோம்?"

அப்போது எனக்கு வேலை கிடைத்து மூன்று மாதம். தோட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயதில் என் தலையில் பேன் பார்த்த அந்த அக்காவும் டீச்சர் என்றே கூப்பிட்டார். மாநகர சபையிலிருந்து வரும் கடிதம், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும் விண்ணப்பம், மருத்துவமனைத் துண்டு என்று எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவருவார்கள். சிங்களத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லி, தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அந்த வாயால் "அண்ணனுக்குத் தூள் பழக்கம், வைத்தியம் பார்க்கச் சேர்த்திருக்கிறோம்" என்று சொல்ல எனக்கு முடியவில்லை.

"கட்டாருக்குப் போயிட்டாருக்கா. திடீர்னு விசா வந்திச்சு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஆள் திடீரென்று காணாமல் போவதற்கு மரியாதையான காரணம் அதுதான். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அக்காவும் "நல்ல விஷயம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொன்னா என்னடி? நோய்தானே" என்றார். "அம்மா, உங்களுக்கு விளங்காது" என்றேன். அம்மாவிடம் நான் அடிக்கடி சொல்லும் சொல் அது.

கட்டாருக்குப் போனவன் கட்டாரிலிருந்து வரவும் வேண்டும். நிலையத்திலிருந்து விடும் நாளுக்கு முந்திய வாரம் நான் புறக்கோட்டைக்குப் போய் ஒரு பெரிய பெட்டி வாங்கினேன். வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் பால்மாப் பேணி, சவர்க்காரம், சொக்லேட், தலைவலித் தைலம். விமான நிலையத்தில் சுற்றுவது போலப் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றச் சொன்னேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் அந்தத் தாள் தயாராக இருந்ததைப் பார்த்தபோது, நான் முதல் ஆள் இல்லை என்று விளங்கியிருக்க வேண்டும்.

நிலையத்து வாசலில் வாடகை வான் வண்டியில் ஏறியதும் அண்ணன் பெட்டியைப் பார்த்தான். பெட்டியிலிருந்து என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் முகம் நிரம்பியிருந்தான், கண் தெளிந்திருந்தது. நீர்கொழும்பு வீதிக்கு வந்த பிறகு கேட்டான்.

"என்ன கம்பெனி?"

"என்ன?"

"நான் வேலை செஞ்ச கம்பெனி. கேட்டா என்ன சொல்றது?"

கட்டட வேலைக் கம்பெனி, ஸ்டோரில் வேலை, ஆறு பேருக்கு ஒரு அறை, கேம்பில் சிக்னல் இல்லாததால் வீடியோ கோல் எடுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவன் ஒரு தடவை திருப்பிச் சொன்னான். ஒன்றும் பிழைக்கவில்லை. எங்கிருந்து விமானம், எத்தனை மணித்தியாலம் என்பதையெல்லாம் அவனே சேர்த்துக்கொண்டான். கெட்டிக்காரன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்கியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடா இது, கட்டார் வெயில் ஆளை வெளுக்க வச்சு அனுப்பியிருக்கு?"

"உள் வேலைக்கா. ஏசி."

"குடுத்து வச்சவன். எங்க வீட்டு ஆளு ஹாபர்ல லொறி ஓட்டியே கரிஞ்சு போயிட்டாரு. பின்னாடியும் முன்னாடியும் ஒரே கலரு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். வீட்டுக்கு வீடு இரண்டு சவர்க்காரமும் ஒரு பிடி சொக்லேட்டும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வைத்தியர் எழுதிக் கொடுத்தது தூள் அடித்தாலும் போதை ஏறாமல் தடுக்கிற குளிசை. தினமும் காலையில் ஒன்று. வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து கொடுப்பது நல்லது என்றார். இன்னொன்றும் சொன்னார்: குளிசையை விட்டுவிட்டு, பழைய அளவுக்குத் தூள் எடுத்தால் உடம்பு தாங்காது, உயிர் போகலாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருந்த பயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் பயத்தை நான் பயமாகக் காட்டவில்லை. பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் போல நின்றேன்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

கைபேசி வெளிச்சத்தை அவன் வாய்க்குள் அடித்துப் பார்ப்பேன். முப்பது வயது ஆள். முதல் கிழமை "டீச்சர், பாஸா?" என்று பகிடி விட்டான். இரண்டாம் கிழமை பகிடி இல்லை. நான் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவான். அம்மா அந்த நேரம் பார்த்து இடியப்பத் தட்டைக் கழுவப் பின்னால் போய்விடுவார். நான் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய அட்டவணையில் சிவப்புப் பேனாவால் சரி போடுவேன். வெளியே ஒட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

நிலையத்தின் சனிக்கிழமைக் கிளினிக் கொழும்பில் இரண்டு இடத்தில் நடந்தது. ஒன்று எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அதை வேண்டாம் என்று, வெள்ளவத்தைக்கு அப்பால் இருந்ததை நான் கேட்டு எடுத்தேன். என் வேலைக்குக் கிட்ட என்று காரணம் எழுதினேன். சனிக்கிழமையில் எனக்கு வேலையே இல்லை. நடந்து போகும் கிளினிக்கின் வாசலில் தோட்டத்து ஆட்கள் யாராவது அவனைப் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம்.

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறும்போது நான் முன்கதவால் ஏறுவேன், அவன் பின்கதவால். கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகு பக்கத்து இருக்கை வெறுமையானால் வந்து உட்காருவான். கிளினிக்கில் குழுவாக உட்கார்ந்து கதைப்பார்கள், ஒன்றரை மணித்தியாலம். நான் வெளியே விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது வெள்ளவத்தையில் இறங்கி, கடலைப் பார்த்த கடையொன்றில் தேநீரும் வடையும் சாப்பிடுவோம். அந்த நேரத்தில் மட்டும் அவன் கதைப்பான்.

ஒரு சனிக்கிழமை சொன்னான்: "ஆசை வர்றது பெரிய விஷயம் இல்லடி. அது வந்துட்டுப் போயிடும். நல்லா இருக்கோம்னு யாராவது சொல்றப்பதான் பயமா இருக்கு. இவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதையெல்லாம் யோசிக்காதே. நேரத்துக்கு நித்திரை கொள்ளு" என்றேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா தினமும் வர ஆரம்பித்தார். அவர் கணவருக்கும் கட்டாரில் ஒரு சாரதி வேலை பார்க்க வேண்டும். அண்ணனின் கம்பெனியில் சொன்னால் நடக்காதா? கடவுச்சீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். "மல்லி, என் தம்பி, ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்று சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாகக் கொஞ்சினார். அண்ணன் ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னான். மேனேஜர் லீவில். அடுத்த மாதம் புது ஆள் எடுப்பார்கள். தனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டு உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நான் அந்தப் பிரதியை வாங்கி, விண்ணப்பம் போல ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தேன். எங்கேயும் அனுப்ப முடியாத விண்ணப்பம். அக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார்.

ஏழாவது சனிக்கிழமை காலி வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் எங்கள் உப அதிபரைச் சந்தித்தோம். வெயில் கடுமை. அண்ணன் என் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்துகொண்டிருந்தான்.

"டீச்சர், சனிக்கிழமையிலயும் வெள்ளவத்தையை விடமாட்டீங்க போல" என்று உப அதிபர் சிரித்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பழைய ரப்பர் செருப்பு, லொறிக்காலத்துத் தழும்பு உள்ள கை, அந்தக் கையில் என் பூப்போட்ட குடை. "இவர்?"

கட்டார் கதை அவருக்குத் தெரியாது. அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் என்ற ஒரு சொல் போதும், அதில் எதுவும் வெளியே வந்திருக்காது. ஆனால் என் அண்ணன் என்று நான் பாடசாலையில் மனதுக்குள் வைத்திருந்த ஆள் வேறு. அந்த ஆள் எப்படி இருப்பான் என்று எனக்கே தெரியாது. செருப்பு மட்டும் இப்படி இருக்காது.

"வீட்டில குழாய் திருத்த வந்த பாஸ், மிஸ். சாமான் பார்க்க வந்தோம்."

அண்ணன் ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. தலையைக் குனிந்தான். "ஓம், மிஸ்" என்றான். குடையை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். அவ்வளவு நேர்த்தியாகச் செய்தான். நான் பழக்கியதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில், மருதானையில் நெரிசலில் நிற்கும்போதுதான் சொன்னான்.

"கட்டார்ல இருந்து வந்தவன்னாவது சொல்லியிருக்கலாம். அதுக்குக் கூட நான் காணாதா?"

நான் நடத்துநரிடம் மிச்சக் காசைக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வயிற்றுவலி என்றான். அதற்கடுத்ததில் அம்மாவுக்கு அரிசி மாவு வறுக்க ஆள் வேண்டும் என்றான். காலையில் வாயைத் திறந்து காட்டுவது மட்டும் நடந்தது, நான் சரி போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது சனிக்கிழமையும் போகவில்லை. மறுநாள் ஞாயிறு, வீட்டைத் துப்புரவாக்கும்போது கட்டாரிலிருந்து வந்த பால்மாப் பேணி வெறுமையாக அலுமாரிக்கு மேல் இருந்தது. எடுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துத் துப்பிய, பாதி கரைந்து காய்ந்த குளிசைகள். பதினைந்துக்கு மேல். அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். அந்த நாட்கள் எல்லாவற்றிலும் என் கையால் போட்ட சிவப்புச் சரி.

நான் கத்தினேன். என் படிப்பு, என் வேலை, உனக்காக நான் அலைந்தது, எல்லாம் சொன்னேன். உனக்காகப் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

"வாய்க்குள்ள பாத்த, மூஞ்சியைப் பாத்தியாடி?" என்றார் அம்மா.

வைத்தியர் சொன்னது என் காதுக்குள் நின்றது. மறுநாள் நான் பாடசாலைக்குப் போகவில்லை. மட்டக்குளிப் பக்கமும் தெமட்டகொடைப் பக்கமும் தெரிந்தவர்களைக் கேட்கலாம். என்ன சொல்லிக் கேட்பது? கட்டாரிலிருந்து வந்தவனைக் காணவில்லை என்றா? யாரிடமாவது கேட்கும் வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் அவனே வந்தான். உயிரோடு வந்தான். பின்பக்கத்தால் அடுப்படிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் குந்தினான். நான் உள்ளறையில் நின்று கேட்டேன்.

"எடுத்துட்டேம்மா. கொஞ்சம்தான். பயந்துபோய் நிறுத்திட்டேன்."

அம்மா தட்டில் சோறு போடும் சத்தம் கேட்டது.

"தங்கச்சிக்குச் சொல்லாதீங்க. அவ மார்க் போடுவா."

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. என் மாணவர்கள் என்னைப் பற்றி இப்படித்தான் தங்களுக்குள் கதைப்பார்கள் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை நான் தனியாகக் கிளினிக்குக்குப் போனேன். அன்று அங்கே இருந்தது அதே உளவளத்துணையாளர். அவரை எதிர்பார்க்கவில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று கூட நினைத்தேன். குளிசையை விழுங்காமல் துப்பியதைச் சொன்னேன், அவன் எடுத்ததைச் சொன்னேன். அவனை எப்படி வரவைப்பது என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வெளியில ஆருக்குத் தெரியும், இவர் சிகிச்சையில இருக்கிறது?"

"ஒருத்தருக்கும் தெரியாது, மிஸ். கட்டார்ல இருந்ததா சொல்லியிருக்கிறோம்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"இஞ்ச வாற ஆக்களில அரைவாசிப்பேர் கட்டார். மற்றவை குவைத். ஒராள் மட்டும் ஜப்பான், அவர் கொஞ்சம் வசதி." சிரிக்கவில்லை. "அங்க எங்களிட்ட இருக்கேக்க ஒவ்வொரு காலமையும் வட்டமா இருந்து, நேற்று எங்க பொய் சொன்னனான் எண்டு சொல்லவேணும். உங்கட அண்ணா முதல் ரெண்டு மாசமும் வாய் திறக்கேல்லை. பிறகு அவர்தான் முதல் ஆளாச் சொல்லுவார்."

எனக்கு அது தெரியாது. எட்டு மாதம் அவன் அங்கே என்ன செய்தான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வாசலில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றே, அரை மணித்தியாலத்தில், கம்பெனிப் பெயர் பாடமாக்கக் கொடுத்தேன். குளிசையை மறக்கிறானா, சோம்பலா, பிடிவாதமா என்றுதான் இவ்வளவு நாளும் பார்த்தேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பது போல. காலையில் அந்தக் குளிசையை விழுங்குவதென்றால் நான் நோயாளி என்று அன்றைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவன் கட்டார்காரன். வெள்ளவத்தைக்குப் போனால் குழாய் பாஸ். எந்த ஆளுக்காக அவன் குளிசை விழுங்குவது?

"புதன்கிழமையில குடும்பத்தார் கூட்டம் வைக்கிறம். நீங்கள் ஒருநாளும் வரேல்லை" என்றார்.

"பள்ளிக்கூட நாள், மிஸ். லீவுக்குக் காரணம் எழுதணும்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று விளங்கியது. அவர் புதிய துண்டை எழுதி, வைத்தியரிடம் காட்டச் சொல்லி, என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன், வந்தது வேறு. "எதிர்வீட்டு அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடவா?" என்றேன்.

கத்தியை நிறுத்தாமல் சொன்னான்: "என் கதையை நான் சொல்லிக்கிறேன், சொல்லணும்னு இருக்கிறப்ப. நீ சொன்ன பொய்யை மட்டும் நீ போய் எடு."

இரண்டு நாள் எடுத்தது எனக்கு. அக்கா வாசல்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டாருக்குப் போகவில்லை, நான்தான் பொய் சொன்னேன், உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை எடுத்துக் கொடுக்க எங்களுக்கு வழி இல்லை என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"அப்ப அந்தச் சவுக்காரம்?"

"புறக்கோட்டையில வாங்கினதுக்கா."

அவர் சுளகைக் கீழே வைத்தார். "அந்தாளு ஹாபர் வேலையை விடுறேன்னு சொல்லிட்டாரு, தெரியுமா? நாளைக்குப் போய்ச் சொல்றதா இருந்திச்சு. நல்ல காலம்." கொஞ்சம் மூச்சு விட்டார். "எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, சரி. அதுக்காக ஒரு தாளை எழுதி கையில குடுப்பியா? நான் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன்."

அவர் அப்போது என்னை டீச்சர் என்று சொல்லவில்லை. அழுகை வந்தது, அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டேன். நான் திரும்பும்போது சொன்னார்: "அவன் எங்க இருந்தான்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத. அவன் வரட்டும், வந்து அவனே சொல்லட்டும்."

அவன் பிறகு போய் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அக்கா அவனுடன் பழையபடி கதைக்கிறார், பகிடி விடுகிறார். என்னிடம் கடிதங்கள் கொண்டுவருவதில்லை. இப்போது ஒரு முச்சக்கர வண்டிக்காரரிடம் வாசித்துக் கேட்கிறார். அவர் பிழையாக வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். எனினும் போய் வாங்கி வாசிக்கும் தைரியம் இல்லை.

அலுமாரிக் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். வைத்தியரிடம் அவனே போய், எடுத்ததைச் சொல்லி, அவர் சொன்ன நாட்கள் காத்திருந்து, குளிசையை மறுபடி தொடங்கினான். அது இப்போது அவன் கையில் இருக்கிறது. காலையில் அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் உள்ளறைக்குக் கேட்கும். விழுங்கினானா என்று எழுந்து போய்ப் பார்க்கக் கால் துடிக்கும். சில நாள் கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்று சனிக்கிழமை கிளினிக்குக்குத் தனியாகப் போனான். நான்காவது போகவில்லை. அதை அவனே சாப்பாட்டின் நடுவில் சொன்னான். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கச் சோற்றை வாய் நிறைய எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது போனான். போய் வந்து, நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளினிக்குக்கு மாற்றிக் கேட்டிருப்பதாகச் சொன்னான். தோட்டத்து ஆட்கள் பார்ப்பார்களே என்று முதலில் என் மனதில் வந்தது. அது இன்னும் வருகிறது. வருவதில்லை என்று எழுதினால் இன்னொரு பொய்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன், புதன்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரட்டுமா என்று.

"வந்து என்ன செய்வ?"

"சும்மா இருப்பேன்."

"பேனா வேணாம். கொப்பி வேணாம். யாருக்கும் அட்வைஸ் பண்ணக் கூடாது."

"சரி."

"லீவுக்கு என்னன்னு எழுதுவ?"

உண்மையை எழுதவா என்று கேட்டேன். உப அதிபர்தான் லீவுக் கடிதம் பார்ப்பவர் என்றும் சொன்னேன்.

"எழுது. குழாய் வேலை இருந்தா சொல்லச் சொல்லு" என்றான். சிரித்தான் என்று சொல்ல முடியாது. முகத்தில் ஏதோ வந்துபோனது.

கடிதம் நான்கு வரி. போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வதற்குச் சிகிச்சை பெறும் என் அண்ணனுடன் குடும்பத்தார் கூட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதால் புதன்கிழமை லீவு வேண்டும். அன்று காலி வீதியில் என்னுடன் நின்றவர் அவர்தான். நான் அவரை வேறொருவர் என்று சொன்னது பொய்.

மற்ற நாட்களில் லீவுக் கடிதத்தை அலுவலகத் தட்டில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன். திங்கட்கிழமை அதை உப அதிபரின் கையில் கொடுத்து, அவர் கடைசி வரி வரை வாசித்து முடிக்கும் மட்டும் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.